நாலு மணிக்குக் காலியாகும் கல்லூரி

*சேர்க்கை கிடைத்துவிட்டது, அறையும் கிடைத்துவிட்டது. கல்லூரிக்குள் கலந்துவிட முடிகிறதா? ஹைதராபாத்தின் கிழக்கு மூலையிலிருந்து ஒரு பார்வை.*

நாச்சாரம் மாணவர்களுக்கு இரண்டு திசைகள். மேற்கே ஹப்சிகூடாவைத் தாண்டினால் உஸ்மானியா பல்கலைக்கழகம்: ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த வளாகம், இளஞ்சிவப்புக் கருங்கல்லில் எழுந்த ஆர்ட்ஸ் காலேஜ், நூறு வருடத்துக்கு மேலான வரலாறு. கிழக்கேயும் வடகிழக்கேயும் கட்கேசர், போகாரம், கீசரா: வெளிவட்டச் சாலையை ஒட்டி, வயல்வெளிக்கு நடுவே எழும்பிய பொறியியல் கல்லூரிகள். பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்க, காலையில் நாச்சாரம் மெயின் ரோட்டில் நிற்கும் பிள்ளைகளில் பெரும்பகுதி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே போகிற காலேஜ் பஸ்ஸில் ஏறுகிறது. நாலு மணி வாக்கில் அதே பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. பஸ் கிளம்பியதும் வளாகத்தில் மிச்சமிருப்பது காவலாளியும் ஹாஸ்டல் பிள்ளைகள் சிலரும்தான்.

முதலாண்டு மாணவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாம் குணத்தைப் பற்றியவை. கூச்சத்தை விடு, நாலு பேரோடு பழகு, மேடை ஏறு. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். அவர்களும் கல்லூரிகளில் கலந்துதான் போனார்கள். இன்று குறைந்திருப்பது தைரியம் அல்ல, நேரம். வகுப்பு முடிந்தபின் வேலையில்லாமல் வளாகத்தில் சுற்றுகிற நேரம்.

நாச்சாரம் கல்லூரிக்கென்று உருவான ஊர் அல்ல. தொழிற்பேட்டை, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, என்.டி. ராமராவ் கட்டிய ராமகிருஷ்ணா ஸ்டுடியோ, எச்.எம்.டி. நகர், ஸ்நேகபுரி காலனி என்று உழைப்பாளிகளும் சம்பளக்காரர்களும் சேர்ந்து வளர்த்த பகுதி. செயின்ட் பயஸ் பெண்கள் கல்லூரி போல ஒன்றிரண்டு கல்லூரிகள் உள்ளேயே இருக்கின்றன. மற்றபடி இது மாணவர்கள் தூங்கி எழும் இடம். தார்நாகாவை விட வாடகை கொஞ்சம் இறக்கம்; ஹப்சிகூடா மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் வந்துவிடலாம். தெருவுக்குத் தெரு ‘பாய்ஸ் ஹாஸ்டல்’, ‘லேடீஸ் ஹாஸ்டல்’ பலகைகள். கல்லூரி விடுதி என்று நினைத்துவிட வேண்டாம். அடுக்குமாடி வீட்டைத் தடுத்து, அறைக்கு மூன்று நான்கு கட்டில் போட்டு, சாப்பாட்டோடு மாத வாடகைக்கு விடும் தனியார் விடுதிகள். ஓர் அறையில் ஒருவன் பி.டெக்., ஒருவன் பி.பார்ம்., ஒருவன் குரூப் தேர்வுக்குப் படிப்பவன், நான்காமவன் ராத்திரி ஷிப்ட் போகிறவன். அறை நண்பர்கள் உண்டு, கல்லூரி நண்பர்கள் அறையில் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசம் நான்கு வருடத்தையே மாற்றிவிடும்.

இன்டரிலிருந்து இறங்கியவர்கள்

தெலங்கானாப் பிள்ளைகள் கல்லூரிக்கு வருவது இன்டர்மீடியட் முடித்து. நம்மூர் பிளஸ் டூவுக்கு நிகரான இந்த இரண்டு வருடத்தைப் பெரும் கார்ப்பரேட் ஜூனியர் காலேஜ்களின் ரெசிடென்ஷியல் வளாகங்களில் கழித்தவர்கள் ஏராளம். விடிவதற்குள் எழுந்து, ஸ்டடி அவர், வகுப்பு, வாரத் தேர்வு, மறுபடி ஸ்டடி அவர், தூக்கம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளை அறிந்த தமிழ்ப் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே ஒவ்வொரு மணி நேரத்தையும் வேறு யாரோ ஒதுக்கித் தந்தார்கள். கல்லூரிக்கு வந்ததும் அந்தக் கை விலகிவிடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஆசிரியர் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று உண்மையிலேயே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டிவிடுவது சுலபம். இரண்டு வருடம் பயன்படுத்தாத தசை அது, வேறொன்றுமில்லை. கைக்கு முதலில் அகப்படுவது போன். மிச்சத்தை அது பார்த்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் சிக்கல் வேறு வகை. 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தபின், சென்னை, கோவைக்கு அப்பால் பார்க்காத குடும்பங்களுக்கும் ஹைதராபாத் ஒரு தேர்வாகிவிட்டது. கச்சிபௌலியில் ஹைதராபாத் பல்கலைக்கழகம். இந்தப் பக்கம் தார்நாகாவில், உஸ்மானியாவை ஒட்டி, இஃப்லு என்று எல்லோரும் சொல்லும் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1958-இல் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனமாகத் தொடங்கி, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. இங்கெல்லாம் விடுதி இடம் கிடைத்தவருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. கிடைக்காதவர் வெளியே அறை தேடி ஹப்சிகூடா, நாச்சாரம் பக்கம் வருகிறார்.

வந்த முதல் வாரத்தில் மொழியைவிட வயிறுதான் படுத்தும். பருப்பில் போட்ட கோங்குரா, நம் புளிச்சக்கீரைதான், புளிக்கும், ஊறுகாய் எரிக்கும், சாம்பார் இனிக்கும். அப்புறம் கறி பாயிண்ட் கண்ணில் படும். சோறு விற்காமல் குழம்பு, பொரியல், பப்பு, ரசத்தை மட்டும் பாக்கெட்டில் கட்டித் தரும் கடை. ஹைதராபாத்தின் அறைவாசிகளுக்கென்றே வந்த ஏற்பாடு. அறையில் ஒரு ரைஸ் குக்கர் இருந்தால் போதும். தெலுங்கும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். சீனியரை ‘அன்னா’ என்றும் ‘அக்கா’ என்றும் கூப்பிட நமக்குப் பழக்கப்படுத்திக்கொள்ளத் தேவையே இல்லை. ஆறு மாதத்தில் பஸ் கண்டக்டரோடு சண்டை போடும் அளவுக்குப் பேச்சு வந்துவிடும்.

உண்மையான ஆபத்து, ஊரோடு ஒட்டாமல் போவதல்ல. நாலு தமிழ்ப் பிள்ளைகள் ஓர் அறையில் சேர்ந்துகொண்டு, தமிழ்ப் படம், தமிழ்ச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் என்று மூன்று வருடத்தை ஓட்டிவிடுவது. அதில் தப்பென்ன என்று கேட்கலாம். தப்பில்லை. கல்லூரிக்குப் போய் வந்தோம் என்பதைத் தவிர அந்த ஊரில் நடந்தது என்று சொல்ல எதுவும் இருக்காது, அவ்வளவுதான்.

பழைய தமிழர், பழைய கல்லூரி

இந்த நகரத்துக் கல்வியில் தமிழர் பங்கு நேற்று வந்ததல்ல. செகந்திராபாத் மெஹபூப் கல்லூரியின் தொடக்கம் 1862-இல் சோமசுந்தரம் முதலியார் நிறுவிய பள்ளி. சிகாகோவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன், 1893 பிப்ரவரி 13 அன்று விவேகானந்தர் பேசியது அங்கேதான். 1887-இல் தொடங்கிய நிஜாம் கல்லூரி, நிஜாமின் தலைநகரில் இருந்துகொண்டே அறுபது வருடம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1947-இல்தான் உஸ்மானியாவுக்குக் கை மாறியது. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயில் பக்கம் இன்றும் தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

அந்தச் செகந்திராபாத்தில் 1931-இல் பிறந்தவர் அசோகமித்திரன். அப்பாவுக்கு நிஜாம் ரயில்வேயில் வேலை. அவருடைய ‘18வது அட்சக்கோடு’ நாவலின் நாயகன் சந்திரசேகரன், கல்லூரிக்குப் போய்க்கொண்டு, கிரிக்கெட் ஆடிக்கொண்டு, சைக்கிளில் ஊரைச் சுற்றிய ஒரு தமிழ்ப் பையன். நிஜாம் ஆதரவுப் படையான ரஜாக்கர்கள், சமஸ்தானத்தின் எதிர்காலம், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவத்தின் வருகை எல்லாம் அவன் கல்லூரி வாழ்க்கைக்குள் அனுமதி கேட்காமல் நுழைகின்றன. வெளியூரில் படிக்கப் போகும் பிள்ளைக்கு வாங்கித் தர ஒரு தமிழ் நாவல் சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கல்லூரி வாழ்க்கை என்று தனியாக ஒன்று கிடையாது, ஊரின் வாழ்க்கைதான் அங்கேயும் நடக்கிறது என்பதை இதைவிடப் பதற்றமில்லாமல் யாரும் எழுதியதில்லை. அப்பா இறந்தபின் 1952-இல் அசோகமித்திரன் சென்னைக்கு வந்துவிட்டார். நாவல் வந்தது 1977-இல். கால் நூற்றாண்டு கழித்தும் அந்தத் தெருக்கள் அவரை விடவில்லை.

ராத்திரியும் அங்கேயே இருந்தவர்கள்

உஸ்மானியாவின் கதையை விடுதிகளின் கதையாகவும் சொல்லலாம். 1918-இல் மீர் உஸ்மான் அலி கான் நிறுவியபோது பாடமொழி உருது. மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில். வளாகத்துக்கு இடம் பார்க்க ஆலோசனை சொன்னவர்களில் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸும் ஒருவர். ஆர்ட்ஸ் காலேஜ் 1939 டிசம்பரில் திறக்கப்பட்டது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1938-இல், விடுதி வழிபாட்டு அறையில் மாணவர்கள் வந்தே மாதரம் பாடினார்கள். நிர்வாகம் தடுத்தது. வேலைநிறுத்தம், நீக்கம். நீக்கப்பட்ட மாணவர்களுக்கு நாக்பூர் பல்கலைக்கழகம் கதவு திறந்தது. வாரங்கல் பக்கம் படித்துக்கொண்டிருந்த பி.வி. நரசிம்ம ராவும் அந்தப் போராட்டத்தில் இடம் இழந்து நாக்பூர் போனவர்களில் ஒருவர். பின்னாளில் பிரதமர்.

1969-இல் தனித் தெலங்கானாக் கிளர்ச்சி. 1972 ஏப்ரல் 14 அன்று, இயற்பியல் படித்த ஜார்ஜ் ரெட்டி வளாகத்துக்குள்ளேயே, பொறியியல் விடுதி அருகே குத்திக் கொல்லப்பட்டார். பாலக்காட்டில் பிறந்தவர், தாய் மலையாளி. வயது 25. இடதுசாரி மாணவர் அரசியலுக்கு இன்றும் அவர் பெயர் ஒரு கொடி. 2019-இல் அவரைப் பற்றித் தெலுங்கில் படமும் வந்தது. 2009 நவம்பர் இறுதியில் தனி மாநிலம் கேட்டு கே. சந்திரசேகர ராவ் உண்ணாவிரதம் தொடங்கியபோது தீயை அணையாமல் வைத்திருந்தது இந்த வளாகம். டிசம்பர் 9 நள்ளிரவில், தெலங்கானா அமைக்கும் பணி தொடங்கப்படும் என்று அறிவித்த உள்துறை அமைச்சர் சிவகங்கைக்காரர், ப. சிதம்பரம்.

இவ்வளவையும் செய்தவர்கள் நாலு மணிக்கு பஸ் ஏறியவர்கள் அல்ல. ராத்திரி மெஸ்ஸில் தட்டைக் கழுவியபின் பேச ஆளும் திண்ணையும் இருந்தவர்கள். அரசியலை விடுங்கள். மற்றதும் அப்படித்தான். திருமலகிரியில் வளர்ந்த திரைப்பட இயக்குநர் ஷியாம் பெனகல், நிஜாம் கல்லூரியில் பொருளாதாரம் படித்த காலத்தில் ஹைதராபாத் பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். அவருடைய ‘அங்குர்’ படம் வருவதற்கு ரொம்ப வருடம் முன்பு. உஸ்மானியாவில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே பல்கலைக்கழக அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார்; 19 வயதில் ஆல் இந்தியா ரேடியோவின் மைக்கைப் பிடித்துவிட்டார். இரண்டு பேர் பிழைப்பும் மதிப்பெண் பட்டியலில் இல்லாத ஒன்றிலிருந்து வந்தது. எல்லோரும் பெனகல் ஆகிவிடுவார்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. ஆனால் எல்லோரும் பிலிம் சொசைட்டியில் படம் பார்க்கலாம்.

ஆய்வாளர்கள் சொன்னது

அமெரிக்கக் கல்வியாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-இல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் அடிப்படைப் பாடம். மாணவர் ஈடுபாடு என்பதை அவர் மனநிலையாகப் பார்க்கவில்லை, செலவழிக்கும் சக்தியாகப் பார்த்தார்: உடம்பும் மனமும் எவ்வளவு நேரம் கல்லூரிக்குக் கொடுக்கப்படுகிறது என்று. படிப்பை நடுவில் விடாதவர்களை அதற்கு முன்பே ஆராய்ந்திருந்த அவருக்கு முதலில் தட்டுப்பட்டது, வளாகத்தில் தங்குவது. விளையாட்டோ சங்கமோ ஏதோ ஒன்றில் இருப்பதும் உதவியது. இன்னொரு கண்டுபிடிப்பு நம் பெற்றோருக்கு ஆச்சரியமாக இருக்கும். வளாகத்துக்குள்ளேயே பகுதிநேர வேலை பார்த்தவர்கள் படிப்பை விடவில்லை. வெளியே முழுநேர வேலைக்குப் போனவர்கள்தான் விட்டார்கள். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பையன் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறான். ராத்திரியெல்லாம் பார்சல் கொண்டுபோகும் பையன், முதல் பாடவேளையில் உட்கார்ந்திருந்தாலும் அங்கே இல்லை. நம் கல்லூரிகளில் எத்தனை, மாணவருக்கு அப்படி ஒரு சம்பள வேலை தருகின்றன?

வின்சென்ட் டின்ட்டோ என்பவர் இன்னொரு கோணத்தில் பார்த்தார். பழங்குடிச் சடங்குகளை ஆராய்ந்த வான் கென்னப்பிடமிருந்து மூன்று கட்டங்களைக் கடன் வாங்கினார்: பிரிதல், நடுவில் நிற்றல், சேர்தல். வீட்டை விட்ட மாணவர் புது இடத்தில் சேருவதற்கு முன் இரண்டிலும் இல்லாமல் தொங்கும் காலம்தான் அபாயம் என்பது வாதம். பிற்பாடு வந்தவர்கள் இதைத் திருத்தினார்கள். பழைய உறவை அறுத்துக்கொண்டால்தான் புதிதில் சேர முடியும் என்பதில்லை; வீட்டோடும் சாதி சனத்தோடும் கட்டு விடாமல் இருப்பதே பலருக்குப் பலம் என்றார்கள். தினமும் அம்மாவுக்குப் போன் போடும் பிள்ளையைக் கேலி செய்பவர்கள் இந்தத் திருத்தத்தைக் கவனிக்கலாம்.

நம் நாட்டு நிர்வாகத்துக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. ஏ.ஐ.சி.டி.இ. 2017-இல் பொறியியல் முதலாண்டுக்கு மூன்று வார அறிமுக நிகழ்ச்சியை வகுத்தது: யோகா, கலை, விளையாட்டு, ஊர் சுற்றல், மனசு விட்டுப் பேசும் சிறு குழுக்கள். யு.ஜி.சி. 2019-இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் எல்லாப் பட்டப் படிப்புக்கும் அதை விரித்தது. தாளில் அருமையான திட்டம். பல இடங்களில் அது, விருந்தினர் மாலை போட்டுக்கொண்டு பேச, ஆயிரம் பேர் குளிர்சாதன அரங்கில் தூங்கும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது. பி.டெக். மாணவருக்கு நான்கு வருடத்தில் நூறு ‘ஆக்டிவிட்டி பாயிண்ட்’ என்ற ஏற்பாடும் உண்டு. எண்ணிக்கை வந்தவுடன் நம் பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதையே செய்கிறார்கள்: மரக்கன்றோடு படம், சான்றிதழ், பாயிண்ட். பாவம், கன்று.

விதிவிலக்காக நான் கைகாட்டுவது பழைய நாட்டு நலப்பணித் திட்டத்தை. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். அந்த ஏழு நாள் எப்படிப்பட்ட ஊமையையும் பேச வைத்துவிடும், காரணம் வேறெதுவுமில்லை. நாலு மணிக்கு பஸ் இல்லை. பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்து, ஐம்பது பேருக்கு உப்புமா கிளறி, இருட்டில் பேய்க் கதை சொல்லி முடிக்கும்போது ஒரு துறைக்காரன் இன்னொரு துறைக்காரியின் பெயரைத் தெரிந்துகொண்டிருப்பான்.

ராகிங் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலை தமிழகத்தை உலுக்கியது. 1997-இல் தமிழ்நாடும் ஆந்திரமும் தடைச் சட்டம் கொண்டுவந்தன. 2009-இல் நாடு முழுதுக்கும் யு.ஜி.சி. விதிகள் வந்தன. புகார் எண் 1800-180-5522. மனம் உடைந்துபோனால் பேச அரசின் டெலி-மானஸ், 14416. இரண்டையும் போனில் ஏற்றிவிட்டே பிள்ளையை ரயிலேற்றுங்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் மாணவர் மோதல்களைக் காட்டி 1980களின் இறுதியில் நிறுத்தப்பட்ட மாணவர் பேரவைத் தேர்தல், தெலங்கானாவின் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பவே இல்லை. கச்சிபௌலியில், மத்தியப் பல்கலைக்கழகமான ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஒரு மாநிலமே உருவாகக் காரணமான உஸ்மானியாவில் மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடத் தேர்ந்தெடுத்த பிரதிநிதி கிடையாது. 18 வயதுக்காரர் சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பலாம், தன் கல்லூரிக்குள் முடியாது. ரத்தம் சிந்தும் என்ற பயம் நியாயமானது; ஜார்ஜ் ரெட்டியின் வளாகம் அல்லவா. ஆனாலும் தேர்தல் இல்லாத காலத்திலும் அங்கே சண்டைகள் நின்றுவிடவில்லை.

ஒரு பஸ் கணக்கு

நாச்சாரம் பிள்ளைகளின் நேரத்தைக் கொஞ்சம் விடுவித்த விஷயம் எந்தக் கல்விக் கொள்கையிலும் இல்லை. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் ‘மகாலட்சுமி’ திட்டத்தில் பெண்களுக்கு அரசு ஆர்டினரி, மெட்ரோ எக்ஸ்பிரஸ் பஸ்களில் கட்டணமில்லை. காலேஜ் பஸ்ஸுக்கு வருடக் கட்டணம் கட்டிய குடும்பம், அதை விட்டுவிட்டால் எங்கள் பெண் எப்படித் திரும்புவாள் என்று யோசித்தது. இப்போது ஆர்.டி.சி. பஸ் இருக்கிறது. ஒத்திகை ஆறு மணிக்கு முடிந்தாலும் உப்பல் வரை வந்து, அங்கிருந்து மாறி வீடு சேரலாம். கூட்டம் பிதுங்குகிறது, நிற்க இடமில்லை என்ற புகார் உண்மை. ஆனாலும் ‘நாலு மணிக்கு மேல் இருக்க முடியாது’ என்ற வாக்கியத்திலிருந்து பணம் என்ற காரணம் கழன்றுவிட்டது. மிச்சமிருப்பது இருட்டிவிடும் என்ற காரணம். அதற்குத் தெருவிளக்கும், நாலு பெண்கள் சேர்ந்து வரும் வழக்கமும்தான் மருந்து.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு இதில் ஒரு சின்னக் கொக்கி. நம்மூர் இலவசப் பஸ் திட்டமான விடியல் பயணத்தில் யார், எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்பதில்லை. இங்கே தெலங்கானா முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். திருநெல்வேலி முகவரி ஆதாரை நீட்டினால் டிக்கெட் கிழித்துவிடுவார்கள். ஆகவே சேர்க்கை முடிந்ததும் அவள் செய்ய வேண்டிய முதல் வேலை ஆர்.டி.சி. மாணவர் பாஸுக்கு விண்ணப்பிப்பது. அதற்குக் கல்லூரியின் சான்று வேண்டும். சான்று வாங்க அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் அதே முதலாண்டுக்காரர்கள்தான். பேச்சுக் கொடுக்க நல்ல இடம்.